இரண்டாவது சாவி எங்கே?



தமிழ்மொழி, தேர்வு, பாடநூல் என்று எழுதிவரும் இப்பக்கத்தில் இன்று மகிழுந்துச் சாவியைப் பற்றி எழுதப் போகிறேன். "ஆசிரியருக்கு என்ன ஆயிற்று?" என்று எண்ணுவோர் சற்றே பொறுத்தருள வேண்டும். மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. அந்தக் கடனை அடைக்கவே இக்கட்டுரை.

அன்று நடந்தது

என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு மகிழுந்து. பழையதுதான், ஆனால் கடன் முடிந்துவிட்ட வண்டி. அதற்கு ஒரே ஒரு சாவி. வாங்கியபோதே ஒன்றுதான் கிடைத்தது, "இன்னொன்று எங்கே?" என்று நானும் கேட்கவில்லை. சாவியின் தலைப்பகுதியில் ரிமோட் உண்டு. பல ஆண்டுப் புழக்கத்தில் அதன் நெகிழிக்கூடு வெடித்து, பொத்தான்களின் ரப்பர் கிழிந்து, ஒட்டுநாடா சுற்றிய நிலையில்தான் நான் அதைப் பயன்படுத்தி வந்தேன்.

கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, 15 வெள்ளி கொடுத்துப் புதிய கூடு ஒன்றை வாங்கி வந்தேன். பழைய கூட்டைப் பிளந்து, உள்ளிருந்த மின்சுற்றுத் தட்டையும் பேட்டரியையும் புதிய கூட்டுக்கு மாற்றினேன். சாவியின் இரும்புப் பகுதியையும் பொருத்தினேன். வீட்டு வாசலில் நின்று பொத்தானை அழுத்தினேன். கதவு 'டக்' என்று திறந்தது. பெருமை தாங்கவில்லை! பழைய கூட்டைக் குப்பைப் பையில் போட்டு, பையை வாசலில் வைத்துவிட்டு உறங்கச் சென்றேன். விடியும் முன்பே குப்பை லாரி வந்து போயிற்று.

மறுநாள் சனிக்கிழமை. மாவட்ட நிலைக் கதை சொல்லும் போட்டிக்கு இரண்டு மாணவிகளை நான் அழைத்துச் செல்ல வேண்டும். காலை ஏழு மணிக்கு வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினேன். இயந்திரம் சுற்றியது, உயிர் பெறவில்லை. மீண்டும் திருகினேன், அதே கதை. அளவைத் தட்டில் சாவி வடிவச் சிறு விளக்கு ஒன்று விடாமல் மினுக்கிக் கொண்டிருந்தது. அந்த விளக்கை நான் அதற்கு முன் கவனித்ததே இல்லை.

பள்ளி வாசலில் காத்திருந்த பிள்ளைகளை, வேறொரு மாணவரின் தந்தை மனமுவந்து அழைத்துச் சென்றார். ஆயினும் முக்கால் மணி நேரம் தாமதம். மூத்த மாணவிக்கு வாய்ப்புக் கிடைத்தது. இரண்டாம் ஆண்டு மாணவியின் பெயர் அழைக்கப்பட்ட வேளையில் அவள் இன்னும் சாலையில் இருந்தாள். மூன்று மாதங்கள் பயின்ற கதை அவள் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. திங்கட்கிழமை அவள் என்னிடம் கோபமாக ஏதும் சொல்லவில்லை. "ஐயா, சாவியில் என்ன கோளாறு?" என்று மட்டும் கேட்டாள்.

கோளாறு சாவியில் இல்லை, என்னிடத்தில்தான் இருந்தது என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது?

ஒரு சாவிக்குள் மூன்று சாவிகள்

'சாவி' என்பது போர்த்துகீசிய மொழியிலிருந்து நம்மிடம் வந்து குடியேறிய சொல். நமக்குத் திறவுகோல் என்ற அழகிய சொல் உண்டு. ஆனாலும் கடைத்தெருவில் சாவி என்றால்தான் காரியம் நடக்கும். ஆகவே இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

நாம் ஒன்று என்று எண்ணும் மகிழுந்துச் சாவியில் உண்மையில் மூன்று பொருள்கள் உள்ளன. முதலாவது, வெட்டப்பட்ட இரும்புப் பகுதி. பூட்டின் துளையில் நுழைந்து திருகுவது இதன் வேலை. இரண்டாவது, ரிமோட். பேட்டரியின் ஆற்றலால் வானலையில் குறியெண்ணை அனுப்பிக் கதவுகளைத் திறப்பதும் பூட்டுவதும் இதன் வேலை. மூன்றாவது, 'சிப்' எனப்படும் சின்னஞ்சிறு அடையாளச் சில்லு. அரிசியை விடச் சற்றே பெரியதாக, கண்ணாடிக் குழாய் வடிவிலோ கறுப்பு ஆப்பு வடிவிலோ இருக்கும். இதற்குப் பேட்டரி தேவையில்லை. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் மின்காந்த அலையை எழுப்ப, அந்த அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்றுச் சில்லு தன் அடையாள எண்ணைச் சொல்லும். எண் பொருந்தினால்தான் இயந்திரம் இயங்கும். இந்தக் காவல் அமைப்புக்கு இம்மொபிலைசர் என்று பெயர்.

வண்டித் திருட்டைத் தடுக்கவே இது வந்தது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் 1998 முதலும், ஆஸ்திரேலியாவில் 2001 முதலும் புதிய மகிழுந்துகளுக்கு இது கட்டாயமாயிற்று. ஆகவே இன்று நாம் 'பழைய வண்டி' என்று சொல்லும் பலவற்றிலும் இது உண்டு.

இப்போது என் மடமை விளங்கியிருக்கும். மின்சுற்றுத் தட்டை மாற்றினேன். பழைய கூட்டின் ஓர் ஓரத்தில் ஒட்டிக் கிடந்த சில்லை மாற்றவில்லை. அது குப்பையோடு போயிற்று. கதவு திறந்ததைக் கண்டு எல்லாம் சரி என்று முடிவு செய்தேன். திறந்தது ரிமோட்டின் வேலை; இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு விடையைச் சரிபார்த்துவிட்டு முழுத் தாளுக்கும் மதிப்பெண் போட்ட ஆசிரியரைப் போல நடந்துகொண்டேன்.

நோயறிந்து மருந்து

சாவி வேலை செய்யவில்லை என்றதும் நம்மில் பலர் உடனே கடைக்கு ஓடுகிறோம். அதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உள்ளன.

ரிமோட்டால் கதவு திறக்கவில்லை. ஆனால் சாவியைத் துளையிலிட்டால் கதவும் திறக்கிறது, இயந்திரமும் இயங்குகிறது என்றால், சில்லு நலமாக உள்ளது. குறை ரிமோட்டில். பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும். வர வர அருகில் சென்று அழுத்தினால்தான் திறக்கிறது என்பது அதன் முன்னறிவிப்பு.

கதவு திறக்கிறது, இயந்திரம் சுற்றியும் இயங்கவில்லை, சாவி விளக்கு மினுக்குகிறது என்றால் சில்லையோ அதைப் படிக்கும் சுருளையோ ஐயுற வேண்டும். இந்நிலையில் பேட்டரியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

இரண்டு சாவிகள் இருந்து, இரண்டின் ரிமோட்டும் ஒரே நாளில் ஓய்ந்துவிட்டால் குறை வண்டியில்தான் இருக்கும். வண்டியின் பெரிய பேட்டரி தளர்ந்திருக்கலாம், உருகி எரிந்திருக்கலாம், அலைவாங்கி பழுதாகியிருக்கலாம். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் திறக்கவில்லை என்றால், அங்குள்ள வேறு வானலைகளின் இடையூறாகவும் இருக்கலாம். இந்தச் சோதனைக்கே இரண்டாவது சாவி வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஒப்பிட இரண்டாவது பொருள் இல்லாதவன் எதைக் கொண்டு முடிவு செய்வான்?

பேட்டரி வாங்கும்போது அதன் மேலுள்ள எண்ணைப் படியுங்கள். சி.ஆர். 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டர், தடிப்பு 3.2 மில்லிமீட்டர். சி.ஆர். 2016 என்றால் அதே விட்டம், தடிப்பு 1.6 மில்லிமீட்டர். சி.ஆர். 1620 என்றால் விட்டம் 16, தடிப்பு 2.0. மூன்றுமே 3 வோல்ட்டுதான். ஆனால் தடிப்புக் குறைந்ததைப் போட்டால் தொடுதகடு எட்டாது. "புதிய பேட்டரி போட்டும் வேலை செய்யவில்லை" என்ற புகார்களில் சில இப்படிப் பிறப்பவையே. வளைந்துபோன தொடுதகடு, கீழே விழுந்து விரிசல் கண்ட பற்றவைப்பு, அழுக்கேறிய ரப்பர் ஆகியவையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியவை.

பெற்றோர்கள் இதையும் அறிய வேண்டும். பெரும்பாலான ரிமோட்டுகள் ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேறொரு குறியெண்ணை அனுப்புகின்றன. வண்டியும் அதே வரிசையில் எண்ணிக்கொண்டு வருகிறது. சிறு பிள்ளைகள் வீட்டுக்குள் சாவியை வைத்துக்கொண்டு விளையாட்டாகப் பொத்தானை நூற்றுக்கணக்கான முறை அழுத்தினால், ரிமோட் வெகுதூரம் முன்னே சென்றுவிடும், வண்டி பின்தங்கிவிடும். அருகில் நின்று அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை அழுத்தினால் பல வண்டிகள் மீண்டும் ஒத்திசையும். சிலவற்றுக்குக் கையேட்டில் கூறியபடி புதிதாகப் பதிய வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. அந்த வட்டப் பேட்டரியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் அது உணவுக்குழாயில் சிக்கி, இரண்டே மணி நேரத்தில் திசுவை அரித்துக் கடும் காயத்தை உண்டாக்கக் கூடியது. ரிமோட்டுக்குப் போதாத பழைய பேட்டரியிலும் அந்த ஆற்றல் எஞ்சியிருக்கும். கழற்றியதும் இருபுறமும் ஒட்டுநாடா சுற்றி அப்புறப்படுத்துங்கள். விழுங்கியதாக ஐயம் எழுந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பதிவது எப்படி?

ரிமோட்டைப் பதிவதும் சில்லைப் பதிவதும் வெவ்வேறு வேலைகள். இதை அறியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ரிமோட்டைப் பதிவது பல பழைய வண்டிகளில் நாமே செய்யக்கூடியது. சான்றாக, 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வந்த சில ஹோண்டா வகைகளில், சாவியை இயக்கநிலைக்குத் திருப்பி, நான்கு வினாடிக்குள் ரிமோட்டின் பூட்டும் பொத்தானை அழுத்தி, சாவியை மீண்டும் அணைநிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதை இடைவெளி விடாமல் திரும்பச் செய்தால், வகைக்கேற்ப மூன்றாம் அல்லது நான்காம் முறையில் கதவுப் பூட்டுகள் 'டக்' என்று ஒலிக்கும். உடனே பத்து வினாடிக்குள் ஒவ்வொரு ரிமோட்டின் பொத்தானையும் அழுத்தினால் பதிவு முடிந்தது. ஒன்றை மறக்கலாகாது: பதிவு தொடங்கியதும் பழைய ரிமோட்டுகளின் நினைவு அழிந்துவிடும். ஆகவே எல்லா ரிமோட்டுகளையும் அதே அமர்வில் பதிய வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் முறை வேறு. உங்கள் வண்டியின் கையேடே உங்களுக்கு ஆசான்.

இணையத்தில் மலிவாக ரிமோட் வாங்குவோர் அதன் அலைவரிசையையும் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 மெகாஹெர்ட்ஸ் பெருவழக்கு. ஐரோப்பாவில் 433 மெகாஹெர்ட்ஸ். உருவம் ஒன்றாக இருந்தாலும் அலைவரிசை மாறினால் அது பொம்மையே.

சில்லைப் பதிவது வேறு. இங்கேதான் இரண்டாவது சாவியின் அருமை தெரியும். 1990களின் இறுதி முதல் வந்த பல ஃபோர்டு வகைகளில், ஏற்கெனவே பதிந்த சாவிகள் இரண்டு கையிலிருந்தால் மூன்றாவதை உரிமையாளரே பதிந்துகொள்ளலாம். ஒன்றே இருந்தால் கருவி வேண்டும். டொயோட்டாவின் பழைய வகைகள் சிலவற்றில் கறுப்புத் தலைச் சாவியே தலைமைச் சாவி. சாம்பல்நிறத் தலைச் சாவி வண்டியை ஓட்ட உதவும். புதிய சாவியைச் சேர்க்க உதவாது. 1990களின் ஃபியட் வண்டிகளில் பதிவுக்கென்றே ஒரு சிவப்புச் சாவி இருந்தது. அதைத் தொலைத்தவர்கள் வண்டியின் கணினிப் பெட்டியையே மாற்ற வேண்டிய நிலைக்கு ஆளானார்கள்.

மூன்றும் சொல்வது ஒன்றையே. நல்ல சாவி கையில் இருக்கும்போது புதிய சாவி செய்வது எளிது. எல்லாம் போன பிறகு செய்வது கடினம். வெள்ளம் வருமுன் அணை போடு என்று வகுப்பில் பழமொழி கற்பிக்கும் நான், என் சட்டைப்பையில் அணையில்லாமல் பல ஆண்டுகள் திரிந்திருக்கிறேன்.

கெரான் கேட்ட இளைஞர்

அன்று நண்பகல் சாவி செய்பவரை வீட்டுக்கு அழைத்தேன். வந்தவர் ஒரு தமிழ் இளைஞர். "வணக்கம் ஐயா" என்றவர், கருவிப்பெட்டியைத் திறக்கும் முன் வண்டியின் கெரானையும் என் அடையாள அட்டையையும் கேட்டார். எனக்குச் சற்றுச் சினம் வந்தது. என் வீட்டு வாசலில் நிற்கும் என் வண்டிக்கு நான் சான்று காட்ட வேண்டுமா?

"ஐயா, இன்று உங்களிடம் கேட்காத நான், நாளை வேறொருவர் உங்கள் வண்டியைக் காட்டிச் சாவி கேட்டாலும் கேட்க மாட்டேன் அல்லவா?" என்றார்.

என்னிடம் மறுமொழி இல்லை. உள்ளே சென்று கெரானை எடுத்து வந்தேன். பெற்றோர்களே, கெரானைக் கேட்காமல் சாவி செய்து தருபவரைத் திறமைசாலி என்று எண்ணி மகிழாதீர்கள். அவர் யாருக்கும் செய்து தருவார்.

சுக்கானுக்குக் கீழே இருந்த இணைப்பில் அவர் தம் கருவியைப் பொருத்திப் பதிவு செய்ய ஒரு மணி நேரம் பிடித்தது. இரண்டு சாவிகளாகச் செய்து தரச் சொன்னேன். வீட்டுக்கு வந்த கூலியோடு 480 வெள்ளி. முன்பே வந்திருந்தால் எவ்வளவு என்று கேட்டேன். "பழைய சாவி இருந்திருந்தால் 150க்குள் முடித்திருக்கலாம் ஐயா" என்றார்.

அவர் கற்றுத் தந்த மற்றொன்று: சில்லை 'நகலெடுப்பதும்' புதிதாய்ப் 'பதிவதும்' ஒன்றல்ல. நகலில் இரண்டு சாவிக்கும் ஒரே அடையாள எண். அதில் ஒன்று களவு போனால் அதை மட்டும் வண்டியின் நினைவிலிருந்து நீக்க வழியில்லை. புதிதாய்ப் பதிந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி எண். சாவி தொலைந்தவர்கள் புதிய சாவியைப் பெறுவதோடு நில்லாமல், தொலைந்ததன் பதிவை நீக்கவும் சொல்ல வேண்டும். நான் நெடுங்காலம் மாணவருக்குச் சொற்பொருள் வேறுபாடு கற்பித்து வருகிறேன். இவ்விரு சொற்களின் வேறுபாட்டை அந்த இளைஞரிடம்தான் கற்றேன்.

புறப்படும் முன், கையுறைப் பெட்டியிலிருந்த கையேட்டை எடுத்துப் புரட்டினார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. "யாரும் படித்ததில்லை போலிருக்கிறது" என்று சிரித்தார். கருத்துணர்தல் கற்பிக்கும் ஆசிரியன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

என் கருத்து

"பத்தாயிரம் வெள்ளிகூடப் பெறாத பழைய வண்டிக்கு இரண்டாவது சாவி எதற்கு? அந்தப் பணத்துக்குப் பிள்ளைக்குப் பயிற்சி நூல் வாங்கலாமே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பங்களை நான் அறிவேன். ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர் யார்? மாற்று வண்டி இல்லாதவர். இழுவை வண்டிக்கும் ஒரு நாள் வேலை இழப்புக்கும் பணம் ஒதுக்க இயலாதவர். அவருக்கே இரண்டாவது சாவி முதலில் தேவை. வசதி படைத்தவருக்கு ஒரு சாவி தொலைந்தால் தொல்லை. வசதியற்றவருக்கு அது இழப்பு.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, உங்கள் வண்டிக்கு ஒரே சாவி இருந்தால் இம்மாதமே இரண்டாவதைச் செய்துகொள்ளுங்கள். அதை வண்டிக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கொண்டு கதவைத் திறந்து, இயந்திரத்தையும் இயக்கிப் பாருங்கள். கூடு மாற்றினால் இரண்டையும் சோதிக்கும் வரை பழைய கூட்டை எறியாதீர்கள்.

இரண்டாவது, பழைய வண்டியை விற்பவர்கள் கெரானோடு சேர்த்து எல்லாச் சாவிகளையும், சாவி எண் பொறித்த சிறு தகட்டையும், குறியெண் அட்டை இருந்தால் அதையும் ஒப்படைக்க வேண்டும். பின்னாளில் அலாரம் பொருத்தியிருந்தால் அதை முடக்கும் மறைவுப் பொத்தான் எங்குள்ளது என்றும் சொல்ல வேண்டும். வாங்குபவர்கள் "இரண்டாவது சாவி எங்கே?" என்று கேட்கத் தயங்கக் கூடாது. இல்லை என்றால் அதற்கான தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள். கேட்காமல் விட்டு நான் இழந்தது போதும்.

மூன்றாவது, இது ஆசிரியர்களுக்கு. ஒரு பொருளின் செய்முறையை வரிசையாகப் படித்து, புரிந்து, செய்து, சரிபார்ப்பதும் எழுத்தறிவே. கதையும் கவிதையும் கற்பிக்கும் அதே அக்கறையோடு இதையும் நாம் கற்பிக்க வேண்டும். நான் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ரிமோட் பதியும் படிகளைத் தமிழில் எழுதி, ஒரு படியை மட்டும் வேண்டுமென்றே நீக்கிக் கொடுத்தேன். எது விடுபட்டது, விட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். வழக்கமாகக் கருத்துணர்தல் என்றாலே சோம்பும் பையன் ஒருவன்தான் முதலில் கையைத் தூக்கினான். "ஐயா, 'உடனே' என்று சொல்லவில்லை. மெதுவாகச் செய்தால் வண்டி மறந்துவிடுமே!" என்றான். ஒரு சொல் விடுபட்டால் ஒரு வேலை கெடும் என்பதை எந்த இலக்கணப் பாடத்திலும் நான் அவ்வளவு எளிதாக உணர்த்தியதில்லை.

அந்த இரண்டாம் ஆண்டு மாணவி இப்போது மூன்றாம் ஆண்டில் படிக்கிறாள். சென்ற வாரம் அவளை அழைத்து, என் புதிய சாவியின் கூட்டைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த சில்லைக் காட்டினேன். "இவ்வளவு சிறியதா ஐயா?" என்று வியந்தாள். ஆமாம், இவ்வளவு சிறியதுதான். அதை நான் கவனிக்காததால்தான் உன் கதையை யாரும் கேட்க முடியாமல் போயிற்று என்று சொல்லி, வருத்தம் தெரிவித்தேன். இவ்வாண்டுப் போட்டிக்கு அவள் மீண்டும் பயிற்சி செய்கிறாள்.

இரண்டு சாவிகளும் வேலை செய்கின்றன. நேற்றும் சோதித்தேன்.